இரண்டு கும்டிகள்: தில்லிக் குடியிருப்புகளும் ஒளிப்படச் சான்றும்

தெற்குத் தில்லியில் கோட்லா முபாரக்பூரும் டிஃபன்ஸ் காலனியும் அருகருகே அமைந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே சென்றுவிடலாம். முன்னது, 1434-இல் கொலையுண்ட சையித் வமிசத்துச் சுல்தான் முபாரக் ஷாவின் கல்லறையைச் சுற்றி வளர்ந்த பழைய கிராமம். பின்னது, நாட்டுப் பிரிவினைக்குப் பின் படைத்துறை அதிகாரிகளுக்காக மனை பிரிக்கப்பட்ட குடியிருப்பு. இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு கும்டி இருந்தது. சிறு குவிமாடம் கொண்ட கட்டடத்தைத் தில்லி வட்டாரத்தில் கும்டி என்பர். சுல்தான்களின் பெருங்கல்லறைகளைக் கும்பத் என்றும், பெயர் மறந்துபோன சிற்றதிகாரிகள், சூஃபிகள் ஆகியோரின் சிறு கல்லறைகளைக் கும்டி என்றும் மக்கள் வழக்கு பிரித்துவைத்திருக்கிறது.

கோட்லா முபாரக்பூரில் இருந்தது இன்ச்லா வாலி கும்டி. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என நடுவண் அரசு அறிவித்த நினைவுச்சின்னங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருந்தது. இந்தியத் தொல்லியல் துறை தேடியும் அதைக் கண்டறிய இயலவில்லை. 2024 மார்ச்சில், கண்டறிய இயலாத 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான அறிவிக்கை வெளியானபோது அவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்தது. டிஃபன்ஸ் காலனியில் இருப்பது ஷேக் அலி கும்டி. லோதி காலத்து எண்கோணக் கல்லறை. அது நடுவண் அரசின் பட்டியலில் இருந்ததில்லை. ஆனால் இன்றும் நிற்கிறது. 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் அது மீட்கப்பட்டது.

பட்டியலில் இருந்தது மறைந்தது. பட்டியலில் இல்லாதது நிலைத்தது. இந்த முரணுக்கு ஒற்றைக் காரணம் கூறுவது எளிதன்று. ஆயினும் ஒரு குடியிருப்புப் பகுதியின் சிறு அடையாளங்களை யார், எதற்காக, எவ்வளவு சுற்றுப்புறத்தோடு பதிவு செய்தார்கள் என்ற கேள்வியைத் தொடர்ந்து சென்றால் அதன் ஒரு பகுதியாவது விளங்கும். தில்லியின் நினைவுச்சின்னங்கள் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக ஒளிப்படமாக்கப்பட்டு வருகின்றன. அவ்வரலாற்றில் பெரும்பாலான காலம், சின்னம் சட்டகத்தின் நடுவிலும் அதைச் சூழ்ந்த வாழ்விடம் சட்டகத்துக்கு வெளியிலும் வைக்கப்பட்டன. அந்த வெளியொதுக்கலே பிற்காலத்தில் சின்னங்களைக் கண்டறிய முடியாமற்போனதற்கும் ஒரு காரணம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கேமரா பரவலாவதற்குச் சற்று முன்னரே தில்லியில் இந்தப் பணி தொடங்கிவிட்டது. சையது அகமது கான் 1847-இல் வெளியிட்ட ‘ஆசார்-உஸ்-சனாதீத்’ என்னும் உருது நூல், தில்லியின் கட்டடங்களை ஒவ்வொன்றாக விவரித்து, கோட்டோவியங்களை அடிப்படையாகக் கொண்ட கல்லச்சுப் படங்களையும் தந்தது. அவற்றை வரைந்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள். அந்த முதற்பதிப்பில் நான்காவது இயல் கட்டடங்களைப் பற்றியதன்று. அக்காலத் தில்லியில் வாழ்ந்த அறிஞர், மருத்துவர், கவிஞர், கையெழுத்துக் கலைஞர், இசைவாணர் ஆகியோரைப் பற்றியது. ஊரின் கட்டடமும் ஊரின் மனிதரும் ஒரே நூலில் அருகருகே இருந்தனர். 1854-இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது ஆதாரங்களும் கால வரிசையும் கூடுதலாகச் செம்மையடைந்தன. ஆனால் படங்களும் மனிதர்களைப் பற்றிய இயலும் விடுபட்டன. 1861-இல் கார்சின் த தாசி பிரெஞ்சில் மொழிபெயர்த்ததும் இந்த இரண்டாம் பதிப்பின் வடிவத்தையே. ஐரோப்பியப் புலமையுலகம் அறிந்த ‘ஆசார்’, மனிதர்கள் நீக்கப்பட்ட ‘ஆசார்’ ஆயிற்று.

அதே காலத்தில் ஒளிப்படக் கலை இந்தியாவில் வேரூன்றிக்கொண்டிருந்தது. 1854-இல் பம்பாயிலும் 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. ஆக்ராவில் மருத்துவராக இருந்த ஜான் மரே, மெழுகுத்தாள் எதிர்மப் படிகளைக் கொண்டு ஆக்ரா, தில்லிக் கட்டடங்களைப் பதிவு செய்தார். அன்றைய வேதியியல் முறைகளில் ஒரு காட்சி பதிவாவதற்கு நீண்ட நேரம் வேண்டியிருந்தது. அசையாத கல் தெளிவாகப் பதிந்தது. நடந்து சென்ற மனிதர் மங்கிய நிழலாகவோ முற்றிலும் இல்லாமலோ போயினர். ஆளரவமற்ற சின்னம் என்ற தோற்றத்துக்குத் தொழில்நுட்பத்தின் வரம்பு முதற்காரணம். ஆனால் பின்னர் அந்த வரம்பு நீங்கிய பிறகும் தோற்றம் மாறவில்லை. அது ஒரு மரபாக உறைந்துவிட்டது. மனிதர் சட்டகத்துக்குள் வந்தபோது பெரும்பாலும் அளவுகோலாகவே வந்தனர்: வாயிலின் உயரத்தைக் காட்டத் தூணருகே நிறுத்தப்பட்ட ஒருவர், பெயரின்றி.

இந்த மரபுக்கு மாறான ஒரு படத்தொகுதியும் தில்லிக்கு உண்டு. 1857 எழுச்சி ஒடுக்கப்பட்ட பின் 1858-இல் இந்தியா வந்த ஃபெலிசே பியாட்டோ, ஜாமா மசூதியின் உயரத்திலிருந்து நகரத்தைப் பல துண்டுகளாகப் படமெடுத்து அகல்பரப்புக் காட்சியாக இணைத்தார். போரின் வெற்றியை ஆவணப்படுத்துவதே அவருடைய நோக்கம். அவருடைய லக்னோப் படங்கள் அந்நோக்கத்தின் கொடுமையை மறைக்காமல் காட்டுகின்றன. எனினும் தில்லியின் அந்த அகல்பரப்புக் காட்சியில் மாடிகள், முற்றங்கள், சந்துகள், சிறு மசூதிகள் எனச் சாதாரண வாழ்விடம் சட்டகம் முழுதும் நிறைந்துள்ளது. 1857-க்குப் பிந்தைய ஆண்டுகளில் செங்கோட்டை மதிலிலிருந்து 448 கஜம், அதாவது ஏறத்தாழ 410 மீட்டர் தொலைவுக்குட்பட்ட கட்டடங்கள் படைத்துறைக் காரணம் கூறித் தகர்க்கப்பட்டன. ஷாஜகானின் மனைவியருள் ஒருவர் கட்டிய அக்பராபாதி மசூதியும் தப்பவில்லை. கோட்டைக்குள்ளும் அரண்மனைப் பகுதியின் பெரும்பங்கு இடிக்கப்பட்டுப் படை முகாம்கள் எழுந்தன. வென்றவர் தம் வெற்றிக்காக எடுத்த படமே, அழிந்த குடியிருப்புகளுக்குப் பிற்கால ஆய்வாளர் கையில் சான்றாயிற்று. எடுத்தவர் கருதியது ஒன்று, படத்தில் எஞ்சியது வேறொன்று. ஒளிப்படத்தை வரலாற்று மூலமாகக் கொள்வோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

அலுவல்முறைப் பதிவு இவ்வளவு விரிந்த சட்டகத்தை விரும்பவில்லை. 1861-இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் தலைமையில் தொல்லியல் ஆய்வு தொடங்கியது. அவருடைய உதவியாளர் ஜோசப் பெக்லர் 1870-களில் தில்லிச் சின்னங்களைப் படமெடுத்தார். கட்டடக்கலையின் பாணி வளர்ச்சியை நிறுவுவதே தேவையாக இருந்ததால் வளைவு, தூண், கல்வெட்டு, குவிமாடம் ஆகியவை முதன்மை பெற்றன. செலவும் ஒரு காரணம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லினியஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் எடுத்த படங்கள் இன்றும் வியப்பூட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானக் கல்வெட்டுகளைத் தொடர் படங்களாக எடுத்து ஒரே நீள்பட்டையாக இணைத்தவர் அவர். அத்திட்டத்தையே ஆடம்பரச் செலவு எனக் கருதி ஆளுநர் சார்லஸ் டிரெவலியன் நிறுத்தினார். பெருங்கோயிலுக்கே நிதி இல்லாத ஓர் அமைப்பில், வயலோரத்துச் சிறு கும்டிக்கு ஒரு கண்ணாடித் தகட்டைச் செலவிட எவரும் முன்வராதது வியப்பன்று.

சிறு சின்னங்களுக்கு முதன்முறையாக முழுமையான கவனம் கிடைத்தது ஒரு நெருக்கடியின் விளைவாகத்தான். 1911 டிசம்பர் 12 அன்று தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு வந்தது. புதிய நகரத்துக்காகக் கிராம நிலங்கள் கையகப்படுத்தப்படும் நிலையில், எவற்றைக் காப்பது, எவற்றை விடுவது என்று தீர்மானிக்க ஒரு பட்டியல் தேவைப்பட்டது. தொல்லியல் துறையின் கோர்டன் சாண்டர்சன் தொடங்கிய இப்பணி, முதல் உலகப் போரில் அவர் இறந்த பின்னும் தொடர்ந்தது. மௌலவி ஜஃபர் ஹசன் தொகுத்த பட்டியல் 1916 முதல் 1922 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னங்கள் அதில் பதிவாயின. ஒவ்வொன்றுக்கும் இருப்பிடம், உரிமையாளர், காலம், தற்போதைய நிலை, கல்வெட்டு வாசகம் ஆகியவை குறிக்கப்பட்டன. காக்கும் தகுதியைப் பொறுத்து வகுப்பும் இடப்பட்டது. கடைசி வகுப்பில் சேர்ந்தவை, காக்க இயலாதவை அல்லது காக்கத் தேவையற்றவை.

இந்தியச் சின்னப் பதிவு வரலாற்றில் இது ஒப்பற்ற உழைப்பு. ஆனால் அதன் இருப்பிடக் குறிப்புகள் கிராமத்தை மையமாகக் கொண்டவை: இந்தக் கிராமத்திலிருந்து இத்திசையில், இத்தனை கஜத் தொலைவில் என்பது போல. பெரும்பாலான பதிவுகள் சொற்களால் ஆனவை. சில சின்னங்களுக்கே படம் உண்டு. கிராமத்தின் எல்லை இருக்கும் வரை இக்குறிப்புகள் போதுமானவை. கிராமமே நகருக்குள் கரைந்துபோனால், எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது? இன்று கிரீன் பார்க் என வழங்கும் பகுதியின் கல்லறைகள் அப்பட்டியலில் கரேரா என்ற கிராமத்தின் கீழ் உள்ளன. கிரீன் பார்க்கில் வசிப்போருள் கரேரா என்ற பெயரை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்?

சட்டகத்திலிருந்து மனிதரை நீக்கும் பழக்கம், இக்காலத்தில் தாளிலிருந்து நிலத்துக்கு இறங்கியது. புராணா கிலாவுக்குள் இந்தர்பத் என்ற கிராமம் இருந்தது. புது தில்லி உருவான ஆண்டுகளில் அது அகற்றப்பட்டது. சையித், லோதி கால அரசர்களின் கல்லறைகளைச் சூழ்ந்து கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. அங்கிருந்தோரை வெளியேற்றி, புல்வெளியும் நடைபாதையும் அமைத்து, 1936 ஏப்ரல் 9 அன்று லேடி வில்லிங்டன் பூங்கா திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அதுவே லோதி தோட்டம் ஆயிற்று. தில்லியில் மிகுதியாகப் படமெடுக்கப்படும் இடங்களுள் ஒன்று அது. அங்கு எவர் படமெடுத்தாலும் பச்சைப் புல்வெளியின் நடுவே தனித்து நிற்கும் கல்லறைகளே கிடைக்கும். அத்தனிமை சுல்தான்களின் காலத்தது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதன் வயது தொண்ணூறு ஆண்டுகள்தாம். கைர்பூர் இன்று முதன்மையாகப் பழைய வரைபடங்களிலும் பட்டியல்களிலும் வாழும் பெயர்.

1947 இந்த ஒழுங்கைக் குலைத்தது. புராணா கிலாவும் உமாயூன் கல்லறையும் அகதி முகாம்கள் ஆயின. முதலில் பாகிஸ்தானுக்குப் புறப்படக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களும், பின்னர் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த இந்து, சீக்கியக் குடும்பங்களும் அவற்றில் தங்கினர். ‘லைஃப்’ இதழுக்காக மார்கரெட் பர்க்-வைட் புராணா கிலாவில் எடுத்த படங்களில் கோட்டை மதில் பின்னணிக்குச் சென்று, மனிதர்கள் முன்னுக்கு வந்தனர். அதன் பின்னான பத்தாண்டுகளில் தெற்குத் தில்லியின் வயல்கள் மனைகளாயின. 1946-இல் தொடங்கப்பட்ட டி.எல்.எஃப். நிறுவனம் சவுத் எக்ஸ்டென்ஷன், ஹௌஸ் காஸ், கிரேட்டர் கைலாஷ் முதலிய குடியிருப்புகளை உருவாக்கியது. 1957-இல் தில்லி வளர்ச்சிச் சட்டம் வந்து அப்பணி அரசின் கைக்குச் சென்றது. மனை வரைபடத்தில் குறுக்கிட்ட கும்டிகளுள் சில சிறு பூங்காக்களின் நடுவே வந்தன; சில வட்டச் சாலைகளுக்குள் அகப்பட்டன; சில வீடுகளின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன.

அந்த மாற்றத்தின் நடுவில், எதிர்பாராத திசையிலிருந்து ஒரு பதிவுக் குழு வந்தது. 1959 முதல் 1962 வரையான காலத்தில் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாறு, தொல்லியல் ஆய்வுக் குழு, தத்சுரோ யமமோதோ தலைமையில் தில்லிக்கு இருமுறை வந்து, தில்லிச் சுல்தானியக் காலத்துக் கட்டடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அளந்து படமெடுத்தது. மத்சுவோ அரா, தோகிஃபுசா த்சுகினோவா ஆகியோர் உடன் பணியாற்றினர். 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகள் ஜப்பானிய மொழியில் வெளிவந்தன: ஒன்று பொதுப்பட்டியல், ஒன்று கல்லறைகள், ஒன்று நீர்நிலை அமைப்புகள். அப்படங்கள் பின்னர் எண்மமாக்கப்பட்டு இணையத்திலும் இடம்பெற்றன. பெரும் சின்னம், சிறு சின்னம் என்ற வேறுபாடின்றி, காலம் ஒன்றே அளவுகோலாகக் கொண்டதால் புகழற்ற கும்டிகளும் படிக்கிணறுகளும் அவற்றுள் இடம்பெற்றன. இன்றைய குடியிருப்புகள் முழுமையாக எழுமுன் எடுக்கப்பட்டவை ஆகையால், சின்னத்தைச் சுற்றிய நிலத்தின் கிடப்பையும் அவை காட்டுகின்றன. சுற்றுப்புறம் சட்டகத்தில் விழுந்தது தற்செயலாகவே இருக்கலாம். இன்று அத்தற்செயலின் மதிப்பு மிகப் பெரிது. இந்நாட்டின் தொல்லியல் துறை அதே காலத்தில், 1964-இல், ஒய்.டி. சர்மா எழுதிய தில்லியும் அதன் சுற்றுப்புறமும் பற்றிய கையேட்டை வெளியிட்டது. பல தலைமுறை மாணவர்களுக்கு அந்நூலே முதல் வழிகாட்டி.

பட்டியலும் சட்டமும் மட்டும் சின்னத்தைக் காக்குமா என்ற வினாவுக்கு அரசின் ஆவணங்களே விடை தருகின்றன. 1958-இன் தொன்மைச் சின்னங்கள் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவற்றுக்குப் பாதுகாப்பளித்தது. 2010-இன் திருத்தம், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாக்கியது. 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, நேரில் ஆய்வு செய்யப்பட்ட 1,655 சின்னங்களுள் 92 காணப்படவில்லை என்றது. பின்னர் அவற்றுள் 42 கண்டறியப்பட்டன. எஞ்சிய 50-இல் 14 நகரமயத்துக்கு இரையாயின. 12 அணை நீரில் மூழ்கின. 24 எங்கே என்றே அறிய இயலவில்லை என்று அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. அந்த 24-இல் தில்லியைச் சேர்ந்தவை இரண்டு: பாராகம்பா கல்லறைத் தோட்டம், இன்ச்லா வாலி கும்டி.

‘நகரமயத்தால் அழிந்தது’ என்பதற்கும் ‘கண்டறிய இயலவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னதில் அழிவு நிகழ்ந்த இடம் தெரியும். பின்னதில் இடமே தெரியாது. ஒரு கட்டடம் இடிந்துபோவது ஓர் இழப்பு. அது நின்ற இடம் எது என்ற அறிவும் போய்விடுவது வேறோர் இழப்பு. அண்டை வீட்டுச் சுவரோ தெருமுனையோ கிணறோ மரமோ சேர்ந்த ஒரு பழைய படம் இருந்திருந்தால் இரண்டாவதையேனும் தவிர்த்திருக்கலாம். வளைவையும் குவிமாடத்தையும் மட்டும் நெருங்கி எடுத்த படம், அக்கும்டி எந்தப் பாணியைச் சேர்ந்தது என்று சொல்லும். எங்கே இருந்தது என்று சொல்லாது.

ஷேக் அலி கும்டியின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். அது காணாமற்போகவில்லை, எல்லாரும் அறிய, குடியிருப்பின் நடுவிலேயே இருந்தது. 1960-கள் முதல் அப்பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கம் அதைத் தன் அலுவலகமாகப் பயன்படுத்தியது. 2004-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கும் முயற்சி தொடங்கி, எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. தனிமனிதர் ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கல்லறைக்குள் பொய்க்கூரையும் மின்விசிறிகளும் அறைகலன்களும் இருந்தது நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. தாங்கள் பயன்படுத்தாதிருந்தால் சமூக விரோதிகள் அதைச் சிதைத்திருப்பர் என்று சங்கம் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 தொடக்கத்தில் கட்டடத்தை ஒப்படைக்கவும், பின்னர் 40 லட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்தவும் ஆணையிட்டது. சேதத்தை மதிப்பிட்டு மீட்பு வழிகளைப் பரிந்துரைக்க வரலாற்றாய்வாளர் ஸ்வப்னா லிடில் நியமிக்கப்பட்டார்.

இவ்வழக்கில் மீட்புப் பணியின் அடிப்படைக் கேள்வி ஒன்றுண்டு: அலுவலகமாவதற்கு முன் அக்கட்டடம் எவ்வாறு இருந்தது? எந்த வாயில் எப்போது அடைக்கப்பட்டது, எந்தப் பூச்சு எப்போது வந்தது, சுற்றியுள்ள நிலம் எவ்வளவு திறந்திருந்தது? இவற்றுக்கு விடை தரக்கூடியவை வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களே. 2018-இல் சஃப்தர்ஜங் என்க்ளேவை ஒட்டிய உமாயூன்பூரில், தில்லி அரசின் பாரம்பரியப் பட்டியலில் இருந்த ஒரு கும்டி வெள்ளையும் காவியும் பூசப்பட்டுக் கோயிலாக மாற்றப்பட்டதைப் பத்திரிகைகள் வெளியிட்டபோதும் இதே கேள்வியே எழுந்தது. முன்னைய நிலை இதுவென்று பதிவு இருந்தால்தான் மாற்றத்தை மாற்றம் என்று நிறுவ முடியும். பதிவில்லாத இடத்தில் எந்தத் தரப்பும் தன் நினைவையே வரலாறாக முன்வைக்கலாம்.

ஆனால் ஒளிப்படத்தைக் காவலன் என்று மட்டும் புகழ்வது பாதி உண்மை. கோட்லா முபாரக்பூரிலும் கிரேட்டர் கைலாஷுக்கு அருகிலுள்ள ஜம்ருத்பூரிலும் கல்லறைகள் வீடுகளால் நெருக்கமாகச் சூழப்பட்டுள்ளன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் 100 மீட்டருக்குள் வாழ்வோர், தம் வீட்டைப் பழுதுபார்க்கவே உரிய அனுமதி பெற வேண்டும். கேமராவோடு வருபவரை அங்குள்ளோர் ஐயத்தோடு நோக்கினால் அதில் அநியாயம் இல்லை. அந்தப் படம் நாளை ஆக்கிரமிப்புக்கான சான்றாக ஒரு கோப்பில் சேரக்கூடும். கைர்பூர் மக்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரலாம். டிஃபன்ஸ் காலனியில் ஒரு கல்லறையைத் தன் அலுவலகமாக்கிக்கொண்ட வசதி படைத்த சங்கத்தையும், போக்கிடமின்றிக் கல்லறைச் சுவரில் கூரையைச் சாய்த்த குடும்பத்தையும் ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது சட்டத்துக்கு வசதி. வரலாற்றுக்கு அது போதாது. ஒரு கும்டி ஐந்நூறு ஆண்டுகளில் கல்லறையாகவும் வைக்கோல் போராகவும் மாட்டுக்கொட்டிலாகவும் பள்ளியாகவும் அகதிக் குடும்பத்தின் வீடாகவும் இருந்திருக்கலாம். கட்டப்பட்ட ஆண்டு மட்டுமே அதன் வரலாறு என்று கொண்டால், மற்ற நூற்றாண்டுகள் அனைத்தும் அழுக்காகிவிடும். சூழலை நீக்காமல் படமெடுப்பது என்பதன் பொருள் இதுதான்: அங்கு வாழ்வோரைக் குற்றவாளிகளாகவும் காட்டாமல், இல்லாதவர்களாகவும் ஆக்காமல், அக்கட்டடத்தின் வரலாற்றில் பங்குடையோராகப் பதிவு செய்தல்.

இன்று ஒவ்வொரு கையிலும் கேமரா இருக்கிறது. டிரைப்பின் காலத்தில் அரசுக்கே கட்டுப்படியாகாத செலவு, இப்போது ஏறத்தாழ இல்லை. 1999-இல் இன்டாக் அமைப்பு தில்லியின் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களை இரு தொகுதிகளில் பட்டியலிட்டது. இந்திய அரசின் பாதுகாப்பில் உள்ளவை அவற்றுள் ஒரு சிறு பங்கே. எஞ்சியவற்றின் எதிர்காலம் பெரிதும் அவற்றின் அருகில் வாழ்வோரின் கவனத்தைச் சார்ந்தது. ஆயினும் படங்களின் எண்ணிக்கை மட்டும் ஆவணமாகிவிடாது. மாலையொளியில் குவிமாடத்தை மட்டும் எடுத்து, மின்கம்பியையும் நீர்த்தொட்டியையும் கணினியில் அழித்து வெளியிடும் படம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழக்கத்தைப் புதிய கருவியால் தொடர்கிறது.

ஒரு குடியிருப்பின் அடையாளங்களைப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்க்குச் சில எளிய நெறிகள் போதும். கட்டடத்தை நான்கு பக்கங்களிலிருந்தும் எடுத்த பின், அதற்கு முதுகைக் காட்டி நின்று, அங்கிருந்து தெரியும் தெருவையும் வீடுகளையும் எடுக்க வேண்டும். இருப்பிடத்தைப் பின்னாளில் உறுதிசெய்ய அந்த இரண்டாம் தொகுதியே உதவும். ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று அதே திசையில் எடுத்தால் மாற்றத்தின் வேகம் புலப்படும். நாள், நேரம், இருப்பிட ஆயம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் படத்தைச் சுருக்கும்போது கோப்பினுள் உள்ள இத்தகைய மீத்தரவு பெரும்பாலும் நீங்கிவிடுவதால், மூலக் கோப்பைத் தனியே காப்பது இன்றியமையாதது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்பட உரிய சான்றிதழ் வேண்டும். மூலக் கோப்பும் அது உருவான கருவி பற்றிய விவரமும் அங்கே தேவைப்படும். இவற்றோடு, அக்கட்டடத்தை அப்பகுதி மக்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும், முதியோர் அதை எதற்குப் பயன்படுத்தியதாக நினைவுகூர்கின்றனர் என்பதையும் அவர்கள் இசைவோடு குறித்துக்கொள்ள வேண்டும். முகங்களைப் பதிவு செய்வதற்கும் அதே இசைவு தேவை.

எதிர்காலத்துக்கான பதிவைப் போலவே கடந்தகாலத்தைத் தேடும் வழி ஒன்றும் இங்கே திறக்கிறது. குடும்பப் படங்களை வரலாற்று மூலமாகக் கொள்ளலாம் என்பதை, 2010-இல் அனுஷா யாதவ் தொடங்கிய ‘இந்தியன் மெமரி புராஜெக்ட்’ போன்ற முயற்சிகள் காட்டியுள்ளன. திருமண ஊர்வலம், குழந்தையின் முதல் மிதிவண்டி, மொட்டை மாடியில் பட்டம் விடும் சிறுவர்: இவற்றை எடுத்தவர் எவரும் பின்னணிச் சுவரைக் கருதி எடுக்கவில்லை. ஆனால் பியாட்டோவின் அகல்பரப்புக் காட்சியைப் போல, கருதாதது அவற்றில் எஞ்சியிருக்கும்.

இன்ச்லா வாலி கும்டியை அரசின் பட்டியலிலிருந்து நீக்கிய அறிவிக்கை, அது இருந்ததே இல்லை என்று சொல்லவில்லை. தேசிய முக்கியத்துவம் உடையதாக இனிக் கொள்வதற்கில்லை என்றே சட்டம் சொல்லும். அக்கும்டியின் ஒரு மூலையோ குவிமாடத்தின் வளைகோடோ கோட்லா முபாரக்பூரின் ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில், 1950-களின் குடும்பப் படமொன்றின் ஓரத்தில் இருக்கக்கூடும். ஆவணக்காப்பகங்களில் தேடிய பின் ஆய்வாளர் செல்ல வேண்டிய இடம் அந்தத் தெருக்களே. அங்கே கதவைத் தட்டுபவர், வீட்டை அளக்க வந்தவரல்லர் என்று அவ்வீட்டார் நம்பும்படி நடந்துகொண்டால்தான் பெட்டி திறக்கப்படும்.